பொருத்தம் பார்த்த பெட்டி

பழனி,

உன் பெரிய அத்தை நேற்று போன் செய்தாள். "புள்ளைக்கு ரெண்டு வரி எழுதிப் போடேன். தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சுக்கன்னு. கல்யாண நேரத்துல எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு?" என்றாள். இரண்டு வரி எனக்குப் போதாது. மன்னிப்பும் இதில் வராது. தெரியாமல் செய்தேன் என்பதும் பொய், தெரிந்துதான் செய்தேன். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஈப்போ முதல் காரைக்குடி வரை உள்ள எல்லாரும் பார்க்கும்படி, "பெத்த தாயே மகன் பொருள ஃபெயில் ஆக்கிட்டா" என்று யாரோ போட்டிருந்தார்கள். அதன் கீழே அழுகிற முகங்கள் வரிசையாக வந்தன. நான் அந்தக் குழுவில் பேசுவதே இல்லை. பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூட உன் அப்பாதான் எனக்கும் சேர்த்துப் பதில் போடுவார். இந்த ஒரு முறை நானே போடுகிறேன். எழுதுவது உனக்கு. படிக்க விரும்புகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

என்ன நடந்தது என்று அழுகிற முகம் போட்டவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். தனியாக இருக்கும் வயதானவர்களுக்காக நீ ஒரு பெட்டி செய்திருக்கிறாய். கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கும். கீழே விழுந்தாலோ நெஞ்சு அடைத்தாலோ அதை அமுக்க வேண்டும். சுவர் பிளக்கில் செருகியிருக்கும் பெட்டி ரேடியோ அலையில் அதைக் கேட்டு, வைஃபை வழியாகப் பிள்ளைகளின் போனுக்குச் செய்தி அனுப்பும். பினாங்கு வேலையை விட்டுவிட்டு நீ இதில் இறங்கியபோது வழக்கம்போல நான் சந்தேகப்பட்டேன். முதல் பெட்டி வேலை செய்ததைப் பார்த்ததும் சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன், உன்னிடமும் சொன்னேன். நல்ல பொருள் அது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் வயர்லெஸ் உள்ள பொருளை விற்பதற்கு முன், அது வெளியே விடும் அலைகளைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். அப்படிச் சோதிக்கும் ஒரு கூடம் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் இருக்கிறது. அதன் அறிக்கைகளில் கையெழுத்திடுபவள் நான்.

உன் பெட்டி எங்கள் கூடத்துக்கு வந்தபோது, மகனின் பொருள் என்று எழுதிக் கொடுத்து நான் ஒதுங்கிக்கொண்டேன். சோதனை, என்னோடு வேலை செய்யும் ஃபாரிட் கையில். கையெழுத்து இன்னொருவர் போடுவதாக ஏற்பாடு. அது போதும் என்று நினைத்தேன். போதவில்லை. வேறு கூடத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் செய்த பிழை அது ஒன்றுதான், அதை நீ என் மேல் குற்றமாகச் சொல்லவே இல்லை. எங்கள் சோதனை அறையை நீ பார்த்திருக்கிறாய். சுவரெல்லாம் நுரைக் கூம்புகள், நடுவில் சுழலும் மேசை, எதிரே ஏறி இறங்கும் ஆன்டெனா. வெளியிலிருந்து ஒரு ரேடியோ நிலையம்கூட உள்ளே நுழையாது. ஒரு பொருளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் அது தனக்குத்தானே என்ன முணுமுணுக்கிறது என்பது மட்டும்தான் கேட்கும். அன்று கையில் தேநீரோடு அந்த வழியாகப் போனேன். உள்ளே இருக்கும் கேமராவின் படம் வெளித்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. மேசை மேல் உன் பெட்டி மெல்லச் சுற்றியது. அதன் நீல விளக்கு எரியவில்லை.

நான் நின்றிருக்கக் கூடாது. நின்றேன். "நீல விளக்கு ஏன் எரியல, ஃபாரிட்?" என்று மலாயில் கேட்டேன். என்னை அவன் காக், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான்.

"வைஃபைய நிறுத்தித்தான் ஓட்டுறேன், காக். கஸ்டமர் குறிப்புல அப்படித்தான் இருக்கு. வைஃபை மாட்யூல் ஏற்கெனவே சான்று வாங்கினது, திரும்பச் சோதிக்க வேணாம்னு."

"கஸ்டமர்னா என் மகன்."

"ஆமா காக்" என்றான். "உங்க மகன்கறதாலதான் நான் கேள்வி கேக்கல."

"அதனாலதான் நீ கேட்டிருக்கணும்" என்றேன். விளக்கை எரியவிட்டுத் திரும்ப ஓட்டச் சொன்னேன். வைஃபை பேசத் தொடங்கியதும், திரையில் அதுவரை படுத்திருந்த கோடு எழுந்தது. வைஃபைக்கென்று ஒதுக்கிய இடத்தில் எழுந்தால் தப்பில்லை, அங்கே அதற்கு அனுமதி உண்டு. இது எழுந்தது அதற்கு வெகு கீழே, உன் பொத்தான் பேசுகிற அலைவரிசையின் அக்கம்பக்கத்தில், வரம்புக் கோட்டைத் தாண்டி. காரணம் கண்டுபிடிக்க ஃபாரிட்டுக்கு அதிக நேரம் ஆகவில்லை. வைஃபை ஒவ்வொரு முறை பேசும்போதும் மின்சாரத்தை வெடுக்கென்று இழுக்கிறது. அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் நீ வாங்கிப் போட்ட பவர் போர்டு, காதுக்குக் கேட்காத ரேடியோ அலையில் இரைகிறது. மாட்யூல் தனியாக நல்லது. பவர் போர்டும் தனியாக நல்லது. இரண்டையும் ஒரு பெட்டிக்குள் வைத்தால் மூன்றாவதாக ஒரு சத்தம் பிறக்கிறது, அந்தச் சத்தம் இரண்டின் சான்றிதழிலும் இல்லை. உன் பெட்டி ஃபெயில் ஆனது அப்படித்தான். யாரும் ஆக்கவில்லை.

அன்று மாலை நீ சிலிபினில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்தாய். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. "மாட்யூலுக்கு அப்ரூவல் இருக்குமா. செஞ்சவன் டெஸ்ட் பண்ணி பேப்பர் குடுத்துருக்கான். பவர் போர்டுக்கும் பேப்பர் இருக்கு. ரெண்டு நல்ல பொருள சேத்தா கெட்ட பொருளாயிடுமா?" என்றாய். அப்பா நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "ஒங்கம்மாவும் நல்ல பொருளு, நானும் நல்ல பொருளு. சேத்து வச்சப்புறம் எவ்வளவு சத்தம் பாத்தியா லா" என்றார். நீ சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "எனக்கும் கிரேஸுக்கும் பொருத்தம் பாக்க வேணாம்னு எல்லார்கிட்டயும் சண்ட போட்டது நீங்கதானே. இப்ப ஒரு பெட்டிக்குப் பத்துப் பொருத்தமும் பாக்கணும்னு நிக்கிறீங்க."

கெட்டிக்காரத்தனமான பேச்சு. அன்று எனக்குப் பதில் உடனே வரவில்லை, அதனால் நீ ஜெயித்ததாக நினைத்திருப்பாய். பதில் இப்போது சொல்கிறேன். கிரேஸ் வீட்டில் ஜாதகம் கிடையாது என்று தெரிந்ததும் நம் வீட்டில் என்ன நடந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். பிறந்த நேரத்தையாவது வாங்கு, நாம் எழுதிக்கொள்வோம் என்றார்கள். ஞானஸ்நானச் சான்றிதழில் நேரம் போட்டிருக்காதா என்று உன் அத்தை கேட்டாள். நான் குறுக்கே நின்றதற்குக் காரணம், சோதனை வேண்டாம் என்பதல்ல. பொருத்தம் பார்க்கிறவர் சோதிப்பதே இல்லை. அவர் முன்னால் இரண்டு தாள் இருக்கிறது. பையன் அங்கே இல்லை, பெண் அங்கே இல்லை, இரண்டு பேரும் ஒரு சமையலறையில் நின்றால் என்ன ஆகும் என்பது அங்கே இல்லை. தாளும் தாளும் ஒத்துப்போனால் பாஸ். நானோ உன்னையும் கிரேஸையும் இரண்டு வருடமாக நேரில் பார்த்தவள். நீங்கள் சேர்ந்து கார் ஓட்டி வழி தவறியதைப் பார்த்தேன். அவள் அப்பாவின் இறுதிச் சடங்கில் நீ நாற்காலி தூக்கியதைப் பார்த்தேன். நீ கோபத்தில் பேசாமல் இருந்தபோது அவள் உன்னைக் கெஞ்சாமல் சாப்பிடப் போனதைப் பார்த்தேன், அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் சரி என்றேன். இப்போது நீயே சொல், பெட்டிக்குப் பொருத்தம் பார்க்கச் சொன்னது யார்? இரண்டு தாளைக் காட்டி, உள்ளே இருப்பதை ஓடவிடாமல் பாஸ் போடச் சொன்னது நீ. உன் கல்யாணத்துக்கு நான் செய்ததைத்தான் உன் பெட்டிக்கும் செய்தேன்.

ஆனால் என்னைச் சுட்டது அந்தப் பேச்சல்ல. அதற்குப் பிறகு நான் சாதாரணமாக ஒன்று கேட்டேன். இவ்வளவு இரைச்சல் இருந்தால் உன் பெட்டிக்கே பொத்தானின் குரல் கேட்காதே, எப்படிக் கேட்கிறது என்று. "அதெல்லாம் பாத்துட்டேன். கேக்குற நேரத்துல வைஃபைய நிறுத்தி வைக்கிற மாதிரி புரோகிராம் எழுதியிருக்கேன்" என்றாய். கொஞ்சம் பெருமையோடு சொன்னாய். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். "அப்ப சத்தம் இருக்குன்னு ஒனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன். நீ கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு இன்றுவரை நீ என்னோடு பேசவில்லை. உன் பெட்டி, தான் கேட்கும்போது வாயை மூடிக்கொள்கிறது. அடுத்த வீட்டுப் பெட்டி கேட்கும்போது மூடிக்கொள்ளுமா என்று நீ யோசிக்கவில்லை. இல்லை, யோசித்துவிட்டு விட்டுவிட்டாயா? எனக்குத் தெரியவில்லை. முதலாவதாக இருக்கட்டும் என்று விரும்புகிறேன்.

நீ ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது நம் பக்கத்து வீட்டில் ஒரு சீன அங்கிள் இருந்தார். உன் ஐயா அப்போது நம்மோடு இருந்தார். நாம் மிக்ஸியை ஓட்டினால் அங்கிள் வீட்டு டிவியில் படம் கோடு கோடாக நடுங்கும். ஒரு நாள் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, உங்க மெசின் போட்டா என் டிவி மாபோக் ஆகுது" என்றார். டிவிக்குப் போதை ஏறுகிறதாம். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு கொஞ்ச நாள் வீட்டில் எது கெட்டாலும் மாபோக்தான், ஃபேன் மாபோக், சைக்கிள் மாபோக். உன் ஐயா மட்டும், "நம்ம மிக்ஸி நம்ம வீட்டுல ஓடுது. அவன் டிவி ஆடினா நமக்கென்ன?" என்றார். மாமனாருக்கு மருமகள் அப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு அங்கிள் வீட்டுக்குப் போய் அந்தக் கோடுகளைப் பார்த்தேன். பிறகு மிக்ஸியை மாற்றினேன். நான் படித்த இயற்பியலும் இருபது வருட உத்தியோகமும் அந்த வேலிக்கு மேல் எனக்கு வேறெதுவும் சொல்லித் தரவில்லை. நாங்கள் செய்யும் சோதனையை வாங்கியவருக்கான சோதனை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வாங்கியவர் வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். அது பக்கத்து வீட்டுக்காரருக்கான சோதனை. அவர் உன்னிடம் எதையும் வாங்கவில்லை, உன் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

நீ பேசாமல் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் அந்தப் பழைய ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீடுகளில் நீ பெட்டிகளை வைத்துப் பரீட்சை பார்த்துக்கொண்டிருக்கிறாய் அல்லவா, அங்கே போனேன். வழி எனக்குத் தெரியாது. கிரேஸிடம் கேட்டேன். "நானும் வாரேன் அத்தை, நீங்க அந்த ரோட்டுல ஓட்ட மாட்டீங்க" என்று அவளே காரை எடுத்தாள். ரப்பர் போய்ச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை வந்து, பாதி நிலம் வீட்டுமனையாகிவிட்ட இடம். சுவரோடு சுவர் ஒட்டிய அந்த வீடுகளில் சிலர் மட்டும் காலி செய்ய மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி. நடு வீட்டில் மாரியம்மா அக்கா இருந்தார். பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்ல பெட்டிதான் தங்கச்சி. ஆனா ரோசம் ஜாஸ்தி. சில நாளு கூப்பிட்டா திரும்பிப் பாக்கும். சில நாளு கோவிச்சுக்கும்."

"தம்பிக்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. நல்லா அமுக்குங்க பாட்டின்னுச்சு. பாட்டியாம்ல. அதுக்கு மேல நான் ஏன் பேசுறேன்?"

கிரேஸ் சிரித்துவிட்டாள். பிறகு இரண்டு பக்கத்து வீடுகளிலும் கேட்டுக்கொண்டு, அந்தப் பெட்டிகளைப் பிளக்கிலிருந்து கழற்றினாள். அக்கா அமுக்கினார். ஒவ்வொரு முறையும் பெட்டி பீப் என்று பதில் சொன்னது. திரும்பச் செருகினாள். அக்கா அமுக்கினார். பதில் வந்தது, அடுத்த முறை வரவில்லை, அதற்கடுத்த முறையும் வரவில்லை. "பாத்தியா, பக்கத்து வூட்டுச் சகவாசம். கெடுத்து வச்சிருக்குங்க" என்றார் அக்கா, இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி. எல்லாரும் சிரித்தார்கள். கிளம்பும்போது அவர் மகன் எங்கே இருக்கிறான் என்று கேட்டேன். கிள்ளானில் என்றார். "முன்னெல்லாம் தெனம் ராத்திரி போன் பண்ணி, படுத்துட்டியாம்மான்னு கேப்பான். இத கழுத்துல போட்டதுலேருந்து கேக்கறதில்ல. பெட்டி இருக்குல்ல, அதான்." குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் அங்கே அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும், பழனி. பெட்டி வருவதற்கு முன் அந்த அம்மாளுக்கு ஒரு போன் இருந்தது. உன்னை நம்பி அவர் மகன் அதை நிறுத்திவிட்டான். பெட்டி கேட்காமல் போனால் அவருக்கு மிச்சமிருப்பது எதுவும் இல்லை. நான் கிரேஸைப் பார்த்தேன், அவள் முகமும் சரியாக இல்லை. காரில் ஏறியதும், "அத்தை, நான் பழனிகிட்ட பேசவா?" என்றாள். வேண்டாம் என்றேன். "எனக்காக நீ பேசினா இது ஒங்க ரெண்டு பேரு சண்டையாயிடும். ஒனக்காக வேணும்னா பேசு." அவள் காரைக் கிளப்பினாள். பேசினாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

இப்போது நீ வேறொரு கூடத்தைக் கண்டுபிடித்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். மாட்யூலின் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, வைஃபையை ஓடவிடாமல் சோதித்து, சான்று தந்துவிடுவார்களாம். இருக்கலாம். தாளை மட்டும் பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். உன் அவசரம் எனக்குப் புரிகிறது. செய்து அடுக்கி வைத்த பெட்டிகளைத் திறந்து போர்டை மாற்றுவது பெரிய வேலை. கல்யாணத்துக்குள் முடியாது, அதற்கடுத்த சில மாதங்களிலும் முடியுமோ என்னவோ. எந்த இடத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன். அது தெரியாத ஆளில்லை நீ. சத்தத்தை மறைக்க அவ்வளவு சாமர்த்தியமாக எழுதத் தெரிந்தவனுக்கு அதை நிறுத்தவும் தெரியும்.

புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். விட்டுக்கொடு, அனுசரித்துப் போ, கோபத்தோடு படுக்காதே, இதையெல்லாம் உன் அத்தைகள் மேடையில் வைத்தே சொல்லிவிடுவார்கள். நான் சொல்வது இது ஒன்றுதான். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகும் சத்தம் உங்களுக்குக் கேட்காது. உள்ளே நீங்கள் ஒருவருக்கொருவர் இடம்விட்டு, நேரம் பார்த்து, அழகாகச் சமாளித்துக்கொள்வீர்கள், உன் பெட்டியைப் போலவே. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது வந்து, உங்களால் எனக்கு இப்படி ஆகிறது என்றால், நல்லா அமுக்குங்க பாட்டி என்று சொல்லாதே. போய் அவர் பக்கம் நின்று பார்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடியும்வரை காத்திருந்து பின்னால் செய்வது எனக்குப் பிடிக்காது, அதனால் இப்போதே எழுதுகிறேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நீ பெட்டியை விற்றால், கடையில் ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் ஓடவிட்டு, என் செலவில் சோதித்து, முடிவைத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு அனுப்புவேன். பெயரில்லாமல் அனுப்ப மாட்டேன். என் பெயர் இருக்கும், பெட்டி செய்தவனின் தாய் என்பதும் அதில் இருக்கும். மாரியம்மா அக்காவின் மகனுக்கு ஏற்கெனவே எழுதிவிட்டேன், பெட்டியை நம்பாதே, தினமும் அம்மாவுக்குப் போன் பண்ணு என்று. நீ போர்டை மாற்றிக் கொண்டுவந்தால் எந்தக் கூடத்தில் வேண்டுமானாலும் சோதித்துக்கொள், ஜெலாப்பாங்குக்கே வரவேண்டும் என்றில்லை. விளக்கு மட்டும் எரிய வேண்டும்.

அத்தை இன்னொன்றும் சொன்னாள். உனக்கு மனசு ஆறும்வரை நான் கல்யாணத்துக்கு வராமல் இருப்பது நல்லதாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாமாம். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. தைப்பிங் மாதா கோயிலுக்கு மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடுவேன். மாப்பிள்ளையின் அம்மா உட்காரும் முன் பெஞ்சில் உட்காருவேன். நீ என்னோடு பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, யார் வந்து எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன்.

அம்மா